சவுரி முடி

சவுரி என்பது, கூந்தலை நீளமாகவும் அடர்த்தியாகவும் காட்டுவதற்காகச் சொந்த முடியோடு சேர்த்துப் பின்னிக்கொள்ளும் ஒட்டுமுடி ஆகும். பேச்சு வழக்கில் சவுரி. ஏட்டு வழக்கில் சவரி. இமயமலைப் பகுதியில் வாழும், நீண்ட மயிர் கொண்ட கவரி என்னும் விலங்கைக் குறிக்கும் சொல்லும் இதுவே. சாமரம் என்ற சொல்லும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒட்டுமுடிக்கு விலங்கின் பெயர் வந்திருந்தாலும், தமிழ்நாட்டில் சவுரி பெரும்பாலும் மனித முடியால்தான் கட்டப்பட்டது.

அடியில் ஒட்டுமுடியை இணைத்துப் பின்னி, நுனியில் குஞ்சலம் கட்டுவது வழக்கம். மணப்பெண் அலங்காரத்திலும் பரதநாட்டிய ஒப்பனையிலும் இந்தப் பழக்கம் இன்றும் தொடர்கிறது. தலைவாரும்போது உதிரும் முடியைப் பெண்கள் சுருட்டி ஓட்டு இடுக்கிலும் சுவர்ப் பொந்திலும் சேர்த்து வைப்பார்கள். அதைத் தெருவில் வருபவர்களிடம் கொடுத்து ஊசி, பாசி, பாத்திரம் வாங்கிக்கொள்வார்கள். அந்தச் சிக்குமுடியே சவுரியாகித் திரும்பவும் சந்தைக்கு வந்தது.

ஒட்டுமுடியின் வரலாறு மிகப் பழமையானது. எகிப்தின் ஹீராகான்போலிஸ் அகழாய்வில், பிரமிடுகளுக்கு முந்தைய காலத்துப் பெண் ஒருவரின் கல்லறையில் ஒட்டுமுடி கிடைத்துள்ளது. அமர்னாவில் கிடைத்த ஏறத்தாழ 3,300 ஆண்டுப் பழைமையுள்ள மண்டையோடு ஒன்றில் சுமார் 70 ஒட்டுமுடிக் கற்றைகள் இருந்தன. இந்தியாவுக்கு நெருக்கமான சான்று உரோமிலிருந்து வருகிறது. 6ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் தொகுப்பித்த சட்டநூலில், சுங்கம் விதிக்கத்தக்க கீழைநாட்டுச் சரக்குகளின் பட்டியல் ஒன்று உள்ளது. திப்பிலி, வெள்ளை மிளகு, இஞ்சி, முத்து, தந்தம் ஆகியவற்றோடு இந்தியத் தலைமயிரும் அதில் இடம்பெறுகிறது. மிளகு வணிகத்தைப் பற்றி நிறையப் பேசும் நம் வரலாற்று நூல்கள் இந்த ஒரு சொல்லைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகின்றன.

இன்றைய அழகு நிலையங்களில் காணப்படும் முறைக்கு வழிவகுத்தவர்களுள் முக்கியமானவர் அமெரிக்காவின் கிளீவ்லாந்தைச் சேர்ந்த கறுப்பினப் பெண்மணி கிறிஸ்டினா ஜென்கின்ஸ். முடியை நூலோடு நெய்து, தலையோடு ஒட்டிய சிறு பின்னல்களில் தைக்கும் முறைக்கு அவர் 1952இல் காப்புரிமை பெற்றார். 1960களில் பொய்முடி மோகம் மேலைநாடுகளில் பரவியது. அப்பத்தாண்டின் நடுவில் அமெரிக்கா கம்யூனிசச் சீனாவின் முடிக்குத் தடை விதித்ததும், வணிகர்களின் பார்வை ஆசியாவின் மற்ற நாடுகள் பக்கம் திரும்பியது. இந்தியாவில் அவர்களுக்குக் கிடைத்த பெரும் ஊற்று, கோயில்களின் முடிக்காணிக்கை.

முடி வணிகத்தின் சூட்சுமம் முடியின் திசையில் இருக்கிறது. ஒவ்வொரு மயிரின் மேலும் மீன் செதில்போல் நுண்ணிய அடுக்குகள் உள்ளன. அவை வேரிலிருந்து நுனியை நோக்கிப் படிந்திருக்கும். எல்லா மயிரும் ஒரே திசையில் இருந்தால் கூந்தல் வழுக்கிக்கொண்டு விழும். தலைகீழாய்க் கலந்துவிட்டால் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிச் சிக்காகும். திருப்பதியிலும் பழனியிலும் நீண்ட கூந்தலைக் கட்டி, கட்டோடு மழித்து எடுப்பதால் வேர்ப்பக்கம் கலையாமல் நிற்கிறது. இதையே உலகச் சந்தை ‘ரெமி’ என்று அழைத்து உயர்ந்த விலை கொடுக்கிறது. திருப்பதி தேவஸ்தானம் நீளத்தின்படி தரம் பிரித்து மின்னேலத்தில் விற்கிறது. அந்த வருவாய் கோயிலுக்குச் சேரும். வேண்டுதலை நிறைவேற்றிவிட்டு மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு ஊர் திரும்பும் பெண்ணுக்கு, தன் பின்னல் எங்கே போகிறது என்று தெரிவதும் அரிது.

2004 மே மாதத்தில் இந்தத் தொலைவு திடீரெனச் சுருங்கியது. வைதீக யூத மரபில் மணமான பெண்கள் தலையை மறைக்க வேண்டும். பலர் அதற்குப் பொய்முடி அணிவர். திருப்பதியில் மழிக்கப்படும் முடி பிற தெய்வத்துக்குப் படைக்கப்பட்டது, ஆகவே அணியலாகாது என்று ஜெருசலேமின் மதகுரு யோசேப் ஷாலோம் எல்யாஷிவ் தீர்ப்பளித்தார். இஸ்ரேலிலும் நியூயார்க்கின் புரூக்ளினிலும் தெருக்களில் பொய்முடிகள் கொளுத்தப்பட்டன. காணிக்கை என்பது முடியா, அல்லது அதை இழக்கச் சம்மதிக்கும் செயலா என்பதே அங்கு எழுந்த வழக்கு. அந்தக் கேள்விக்கு நாவிதரிடமும் பக்தரிடமும் ஒரே விடை கிடைப்பதில்லை.

வீட்டுச் சிக்குமுடியின் பயணம் வேறு. மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத், கர்நாடகத்தின் கொப்பள் போன்ற இடங்களில் பெண்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து அதை இழை இழையாகப் பிரிக்கிறார்கள். வேரும் நுனியும் கலந்த முடி என்பதால், அமிலத்தில் இட்டுச் செதில்களை நீக்கி, சிலிக்கோன் பூசி மெருகேற்றுவது உண்டு. புதிதில் பளபளக்கும் இந்த முடி, சில முறை அலசியதும் பூச்சு போய்ச் சிக்கத் தொடங்கும். ஒட்டுமுடி வாங்குபவர் ஏமாறும் இடம் பெரும்பாலும் இதுதான். ஓர் இழையை நுனியிலிருந்து வேர் நோக்கி விரலால் நீவினால் செதில் உள்ள முடி சொரசொரக்கும்; எதிர்த்திசையில் வழுவழுக்கும். இரு பக்கமும் ஒரேயடியாக வழுக்கினால் பூச்சாக இருக்கலாம். நைலான் சவுரியைக் கண்டுபிடிப்பது இன்னும் எளிது: தீயில் காட்டினால் உருகி மணியாகிவிடும், மனித முடி பொசுங்கிச் சாம்பலாகும்.

பதப்படுத்தாத முடி கடத்தப்பட்டு வெளிநாடுகளில் பிரிக்கப்படுவதால் உள்நாட்டுத் தொழில் நசிகிறது என்ற முறையீடுகளுக்குப் பின், 2022 ஜனவரியில் அதன் ஏற்றுமதியை இந்திய அரசு கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் சேர்த்தது. அதன்பின் பதப்படுத்தாத முடியை வெளியே அனுப்ப உரிமம் தேவைப்பட்டது.