பாதையின் உரிமையும் காஞ்சியின் தெருக்களும்

காஞ்சிபுரம் என்றவுடன் பட்டும் கோயில்களும் நம் நினைவுக்கு வருகின்றன. அவ்விரண்டுக்கும் இடமளித்த தெருக்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. நடப்பவர்களுக்காக அமைந்த அத்தெருக்களின் வரலாற்றில் ஒலிமுகமதுபேட்டை போன்ற பகுதிகளில் வாழும் முஸ்லிம் குடும்பங்களுக்கும் பங்குண்டு.

பழைய காஞ்சியில் தெருவின் அகலத்தை இரண்டு தேவைகள் தீர்மானித்தன. ஒன்று, தேரும் திருவிழாக் கூட்டமும். நான்கு ராஜ வீதிகளும் அதனால் விரிவாக அமைந்தன. மற்றொன்று, நெசவு. தறியில் ஏற்றுமுன் பாவு நூலைத் தெருவின் நீளத்துக்கு நீட்டி, கஞ்சி தோய்த்து, காலை வெயிலில் உலர்த்துவது நெசவாளரின் வழக்கம். அவர்களுக்குத் தெரு என்பது கடந்து செல்லும் வழி மட்டுமன்று. அதுவே தொழிற்கூடமும் பிள்ளைகள் விளையாடும் முற்றமுமாகும்.

இந்த அமைப்பின் அருமையை உணர்ந்தவர்களுள் ஒருவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த உயிரியல் அறிஞரும் நகரமைப்பாளருமான பேட்ரிக் கெடிஸ். சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று 1914இல் அவர் இந்தியா வந்தார். அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை எம்டன் மூழ்கடித்தது. மனம் தளராது மீண்டும் சேகரித்து, 1915இல் சென்னையில் அக்கண்காட்சியை நடத்தினார். மாகாணத்தின் நகரங்களை நேரில் கண்ட அவர், காஞ்சியின் அமைப்புக்கு ஈடாக இன்றளவும் எஞ்சியிருப்பது வேறெங்கும் இல்லை என்று வியந்து எழுதினார். சி. பி. வேங்கடராம ஐயர் தென்னாட்டின் பழைய நகரமைப்பைப் பற்றி 1916இல் வெளியிட்ட நூலுக்கு முன்னுரை வழங்கியவரும் அவரே.

கெடிஸின் முறை எளிமையானது. திட்டம் வரைவதற்குமுன் நகரை நடந்து பார்க்கவேண்டும். வீடுகளை இடித்து நேர்ச்சாலை போடுவதைவிட, உள்ள சந்துகளைச் சிறுகச் சிறுகச் சீர்செய்வதே நன்று என்றார் அவர். 1920இல் சென்னை மாகாணத்துக்கென நகரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் பின்வந்த காலத்தில் சாலைகள் பெரும்பாலும் வாகனத்தின் வேகத்தைக் கொண்டே அளக்கப்பட்டன. நடப்பவரின் தேவை பின்தள்ளப்பட்டது.

நடப்பவரைக் கருதும் பார்வை நமக்குப் புதியதன்று. பனூ ஸலிமா குலத்தார் மதீனாவின் தொலைவான பகுதியை விட்டுப் பள்ளிவாசலுக்கு அருகே குடிபெயர விரும்பியபோது, நபி (ஸல்) அவர்கள் அதை விரும்பவில்லை. நகரின் எல்லைப்புறம் வெறுமையாகிவிடக் கூடாது என்று கருதிய அவர்கள், பள்ளிவாசலை நோக்கி எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடிக்கும் நன்மை உண்டு என்பதை அம்மக்களுக்கு நினைவூட்டினார்கள். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்றும், பாதைக்கு உரிமைகள் உண்டு என்றும், அவற்றுள் ஒன்று பிறருக்குத் தொல்லை தராதிருப்பது என்றும் போதித்தார்கள். வழியின் அகலத்தில் பிணக்கு ஏற்பட்டால் ஏழு முழம் விடவேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் கூஃபா நகர் உருவானபோது, பெருந்தெருக்களுக்கு நாற்பது முழமும் சந்துகளுக்கு ஏழு முழமும் வகுக்கப்பட்டதாக வரலாற்றாசிரியர் தபரீ பதிவு செய்துள்ளார். பெருவீதிக்கு அளவு குறித்தவர்கள் சந்தையும் சந்தையோரத்துக் குடிசையையும் மட்டுமல்ல, ஒற்றையாய் நடந்து செல்லும் எளியவரின் சந்தையும் மறக்கவில்லை என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

2015இல் நடுவண் அரசின் 'ஹிருதய்' திட்டம் தேர்ந்தெடுத்த 12 பாரம்பரிய நகரங்களுள் காஞ்சியும் ஒன்று. 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை அத்திவரதர் விழா நடைபெற்றபோது, வெளியூர் வாகனங்கள் நகருக்கு வெளியே நிறுத்தப்பட்டன. மக்கள் சிற்றுந்துகளிலும் கால்நடையாகவும் உள்ளே சென்றனர். நடப்பவர்களுக்கு முதலிடம் தந்து காஞ்சியை இயக்க முடியும் என்பதற்கு அந்த 48 நாட்களே சான்று.

விழா முடிந்த பின்னரும் அந்நகரில் நடப்பவர்கள் இருக்கின்றனர். ஃபஜ்ர் தொழுகைக்குக் கைத்தடி ஊன்றி வரும் முதியவர், அரசு தந்த சைக்கிளில் பள்ளிக்குச் செல்லும் மாணவி, நூற்கட்டைத் தோளில் சுமந்து செல்லும் நெசவாளர் ஆகியோருக்கு நடைபாதை என்பது அழகுப்பொருளன்று. அன்றாட உயிர்ப் பாதுகாப்பு. நடைபாதையை மறித்துப் பொருள் பரப்பும் கடையும், ஜும்ஆ நேரத்தில் வழியை அடைத்து நிற்கும் வாகனமும் எவருடையதாயினும், பாதிக்கப்படுவோர் இவர்களே.

நகராட்சியாக இருந்த காஞ்சிபுரம் 2021இல் மாநகராட்சியாக உயர்ந்தது. அதன் திட்டங்களில் நடைபாதையும் மிதிவண்டிப் பாதையும் இடம்பெற வேண்டுமென்று ஜமாஅத்துகள் அண்டை அயலாரோடு இணைந்து கேட்கலாம். அதற்கு முன், தத்தம் பள்ளிவாசலின் வாசலிலேயே வழியை ஒழுங்கு செய்யலாம். பாதையின் உரிமையைப் பேணும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக.