பருத்திக் காட்டுப் பாட்டு



அமெரிக்க இசை என்றதும் நம் பிள்ளைகளுக்குக் கித்தாரும் மேடை விளக்குகளுமே நினைவுக்கு வருகின்றன. அந்த இசையின் ஆணிவேர் ஒரு தோட்டத்தில் இருக்கிறது என்றால் நம்ப மறுக்கிறார்கள். ரப்பர்த் தோட்டம் அன்று, பருத்தித் தோட்டம்.

அங்கே வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுபோய் விற்கப்பட்ட கறுப்பின மக்கள். நம் பாட்டன்மார் கங்காணியின் பேச்சை நம்பிக் கப்பலேறியவர்கள். அவர்களோ சங்கிலியில் பிணைக்கப்பட்டுப் போனவர்கள். இரண்டும் ஒன்றல்ல. நம்மவர்களுக்குத் தப்பும் உறுமியுமாவது துணைக்கு இருந்தன. 1739இல் தென் கரோலினாவில் அடிமைகள் பறையடித்துக் கிளர்ந்தெழுந்தார்கள். மறு ஆண்டே அடிமைகள் பறை வைத்திருப்பதைத் தடுத்துச் சட்டம் வந்துவிட்டது. பறை போனால் என்ன? கையைத் தட்டினார்கள், காலால் தரையை மிதித்தார்கள். ஒருவர் ஓரடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து பதில் பாடினார்கள். நாற்று நடுகையில் நம் பாட்டிமார் பாடியதும் இப்படித்தானே!

1865இல் அடிமைமுறை ஒழிந்தது. விடுதலை பெற்றவர்கள் படிப்பதற்காக 1866இல் நாஷ்வில் நகரில் ஃபிஸ்க் கல்விக்கூடம் திறக்கப்பட்டது. ஐந்தே ஆண்டுகளில் அது கடனில் மூழ்கியது. (கூரை ஒழுகும் பள்ளியில் பாடம் நடத்தியவர்களுக்கு இது புரியும்.) அங்கே கணக்கு வழக்கைப் பார்த்த ஜார்ஜ் வைட் என்பவர் பாட்டும் சொல்லிக் கொடுப்பார். 1871இல் அவர் ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு, ஊர் ஊராகப் பாடி நிதி திரட்டப் புறப்பட்டார். முதலில் அவர்கள் வெள்ளையர் மேடைகளில் வழங்கிய பாடல்களையே பாடினார்கள். பெற்றோர் பாடிய பக்திப் பாடல்களை அந்நியர் முன் பாடக் கூச்சம். அவை அடிமைக் காலத்தை நினைவூட்டுகின்றன அல்லவா? தயங்கித் தயங்கி அவற்றைப் பாடியபோதுதான் கூட்டம் உருகியது. 1873இல் விக்டோரியா மகாராணியின் முன்னும் பாடினார்கள். திரண்ட பணத்தில் எழுந்து 1876இல் திறக்கப்பட்ட ஜூபிலி மண்டபம் இன்றும் நிற்கிறது.

அந்தத் தோட்டத்துக் குரலிலிருந்து புளூஸ் பிறந்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஜாஸ் வளர்ந்தது. 1950களில் ராக் அண்ட் ரோல் உலகைச் சுற்றியது. இசைத்தட்டும் வானொலியும் அதை நம் கரைக்கும் கொண்டுவந்தன. பினாங்கின் அலிகேட்ஸ் குழுவில் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் சகோதரர்கள் அந்தச் சாயலில் மலாய்ப் பாடல்கள் பாடிப் புகழ்பெற்றார்கள். 1970களில் நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளில் தோன்றிய ராப், 2006இல் யோகி பி குழுவினரின் ‘வல்லவன்’ தொகுப்பில் தமிழ் பேசியது.

நம் தோட்டப் பாடல்கள் என்னாயின? அமெரிக்காவில் அடிமைகளின் பாடல்கள் 1867லேயே நூலாக அச்சேறின. நம்மிடையே முத்தம்மாள் பழனிசாமி ‘நாட்டுப்புறப் பாடலில் என் பயணம்’ எழுதினார். அத்தகையோர் வெகு சிலரே.

நாமும் குற்றவாளிதான். செமோர் பக்கத்துத் தோட்டமொன்றில் பள்ளி ஆண்டு விழா. பால்மரம் வெட்டிய ஒரு மூதாட்டி, அந்நாளில் நிரையில் பாடிய பாட்டைப் பாடட்டுமா என்று தாமே வந்து கேட்டார். விழாவுக்குப் பொருந்தாது என்று சொல்லி அனுப்பிவிட்டு, பிள்ளைகளைச் சினிமாப் பாட்டுக்கு ஆடவைத்தோம். ஃபிஸ்க் மாணவர்களின் கதையைப் பின்னாளில்தான் படித்தோம். அந்தப் பாட்டியைத் தேடிப் போனால், லயம் இருந்த இடத்தில் செம்பனை. அவர் காலமாகிவிட்டார். மகளைத் தாமானில் கண்டோம். நினைவிலிருந்த சில சொற்களைச் சொன்னார், நோட்டில் எழுதிக்கொண்டோம். மெட்டு அவருக்கு நினைவில்லை.