பல்கலைக்கழகப் பணியாளர் மனநலம் (பிரிட்டன்)

பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் பேராசிரியர், ஆய்வாளர், நூலகர், ஆய்வக உதவியாளர், அலுவலக ஊழியர் ஆகியோரின் மனநலத்துக்கான ஏற்பாடுகள். 1974-ஆம் ஆண்டின் பணியிட நலப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு அடிப்படை. வேலையால் வரும் மன அழுத்தத்தையும் ஓர் ஆபத்தாகக் கருதி, அதைக் குறைக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை. அரசின் கண்காணிப்பு அமைப்பு 2004-இல் அறிவித்த தரநிலைகள் பணிச்சுமை, சொந்த வேலையில் முடிவெடுக்கும் உரிமை, ஆதரவு, பணியிட உறவுகள், பொறுப்புத் தெளிவு, மாற்றங்களைக் கையாளும் விதம் என்ற ஆறையும் கவனிக்கச் சொல்கின்றன.

மாணவர் மனநலம் பேசப்பட்ட அளவுக்குப் பணியாளர் நிலை நெடுங்காலம் பேசப்படவில்லை. அந்த மாணவர்களின் கவலையை முதலில் கேட்பவர்கள் பெரும்பாலும் இவர்களே என்பதுதான் விசித்திரம். 2019-இல் லிஸ் மோரிஷ் எழுதி, உயர்கல்விக் கொள்கை நிறுவனம் வெளியிட்ட அறிக்கை நிலைமையை வெளிக்கொணர்ந்தது. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் திரட்டிய விவரங்களின்படி, 2009 முதல் 2015 வரை உளவள ஆலோசனைக்கு வந்த பணியாளர் எண்ணிக்கை சராசரியாக 77 விழுக்காடு உயர்ந்திருந்தது. வேலைநேரத்தைக் குறைத்துக் காட்டும் பணிச்சுமைக் கணக்கீடு, ஆய்வுத்தர மதிப்பீடு, குறுகியகால ஒப்பந்தங்கள் ஆகியவற்றை அது காரணங்களாகச் சுட்டியது.

நிர்வாகங்கள் பொதுவாகத் தருபவை இலவசத் தொலைபேசி ஆலோசனை, தியான வகுப்பு, மனநல முதலுதவிப் பயிற்சி. இவை பயனற்றவை அல்ல. ஆனால் ஒப்பந்தக் காலத்தையோ வகுப்பு எண்ணிக்கையையோ தொடுவதில்லை. ஆசிரியர் சங்கங்களின் முதன்மையான குறை இதுவே.