பாதி எடை உலோகம் பிறந்த கதை

டைட்டானியத்தையும் அலுமினியத்தையும் அணுக்கணக்கில் ஏறக்குறையச் சரிபாதியாகக் கலந்தால் அபூர்வமான உலோகம் ஒன்று கிடைக்கும் என்பது 1950களிலேயே தெரிந்திருந்தது. கன சென்டிமீட்டருக்கு 4 கிராம்தான் எடை. சூட்டைத் தாங்கும் நிக்கல் கலவைகளோ 8 கிராமைத் தாண்டும். 700 டிகிரியிலும் வலு குன்றாது. ஆனாலும் பல ஆண்டுகள் அதை யாராலும் பயன்படுத்த முடியவில்லை. ஆறியதும் பீங்கானைப் போல நொறுங்கியது!

1980களின் இறுதியில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வாளர் ஹுவாங், அதில் குரோமியமும் நியோபியமும் 2 சதவீதம் வீதம் சேர்த்து நொறுங்குவதைக் கொஞ்சம் தணித்தார். 1993இல் 98 டர்பைன் பிளேடுகள் செய்து ஜெட் எஞ்சினில் பூட்டினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைச் சுற்றுகளை அவை தாங்கின. ஆனால் அது வார்ப்புக்கு ஏற்ற உலோகம். இன்னும் வலு வேண்டுமென்றால் அடித்து உருவாக்க வேண்டும். அடித்தாலோ விரிசல் விட்டது.

ஆஸ்திரியாவின் லேயோபன் நகரில் ஹெல்முட் கிளெமென்ஸ் குழுவினர் ஒரு வழி கண்டார்கள். நியோபியமும் மாலிப்டினமும் சேர்த்தால், பழுக்கக் காயும்போது உலோகத்துக்குள் ‘பீட்டா’ என்ற மென்மையான படிகம் உருவாகும். அப்போது அடித்தால் வளைந்து கொடுக்கும். ஆனால் ஆறும்போது அதே பீட்டாவின் அணுக்கள் வரிசை கட்டி இறுகி, நொறுங்க ஆரம்பிக்கும். எந்தச் சூட்டில் எவ்வளவு பீட்டா இருக்கிறது? சூடாக்கி, சட்டென ஆறவைத்து, அறுத்து, நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் பழைய வழக்கம். பாலில் என்ன நடந்தது என்று தயிரிடம் கேட்பதைப் போன்றது அது. கொதிக்கும்போதே உள்ளே பார்க்க வேண்டுமே!

ஹாம்பர்கிலும் கிரெனோபிளிலும் இருந்த சிங்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கிகள் கைகொடுத்தன. அங்கே பிறக்கும் எக்ஸ் கதிர்கள் பல மில்லிமீட்டர் உலோகத்தையே ஊடுருவும். கதிரின் பாதையில் சிறு துண்டை வைத்துக் காய்ச்சினார்கள், அழுத்தினார்கள். சிதறிய கதிர்கள் திரையில் வளையம் வளையமாக விழுந்தன. ஒவ்வொரு படிகத்துக்கும் தனித்தனி வளையங்கள். சூடு ஏற ஏற ஒன்று மங்கியது, இன்னொன்று பளிச்சிட்டது. ஆனால் பீட்டாவின் அணுக்கள் வரிசை கட்டிவிட்டனவா என்பது மட்டும் சரியாகப் பிடிபடவில்லை.

அங்கேதான் நியூட்ரான் வந்தது. டைட்டானியமும் அலுமினியமும் நியூட்ரானை ஏறக்குறைய ஒரே அளவில், ஆனால் எதிரெதிராகச் சிதறடிக்கும். அணுக்கள் கலந்துகட்டி உட்கார்ந்திருந்தால் ஒன்றை ஒன்று ரத்து செய்துவிடும். திரை கிட்டத்தட்ட காலி. இருக்கை எண் பார்த்து உட்கார்ந்தால்தான் வெளிச்சம் தெரியும். இயற்கை இப்படியொரு ஜோடியை அமைத்துக் கொடுத்ததை என்னவென்று சொல்வது!

43.5 சதவீதம் அலுமினியம், 4 நியோபியம், 1 மாலிப்டினம், துளி போரான், மீதி டைட்டானியம். டிஎன்எம் என்ற உலோகம் பிறந்தது. மியூனிக்கின் எம்டியூ நிறுவனம் அதை அடித்து பிளேடாக்கியது. 2016 ஜனவரியில் ஏர்பஸ் ஏ320நியோ அதைச் சுமந்தபடி பயணிகளோடு பறந்தது. கதை அத்தோடு முடியவில்லை.

பறக்கும்போது அந்த பிளேடுகளில் சில உடைந்தன. மோதலை அவை போதிய அளவு தாங்கவில்லை. 2019 இறுதியில் இந்தியாவிலும் அமெரிக்காவிலும் அவற்றை மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. கதிர்களைக் குறை சொல்ல முடியாது. சூட்டில் உலோகம் என்ன ஆகிறது என்று கேட்டார்கள், அதற்கு அவை சரியாகவே பதில் சொன்னன. ஹுவாங்கின் வார்ப்பு உலோகமோ ஏர் இந்தியாவின் போயிங் 787 எஞ்சின்களில், டர்பைனின் கடைசி இரண்டு வரிசைகளில் சுழல்கிறது.