ஸ்கிர்ரசு

ஸ்கிர்ரசு என்பது உடலில் தோன்றும் கெட்டியான, பெரும்பாலும் வலியற்ற கட்டியைக் குறிக்க ஐரோப்பிய மருத்துவர்கள் 19ஆம் நூற்றாண்டு வரை பரவலாகப் பயன்படுத்திய சொல்லாகும். 'கடினமானது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இது பிறந்தது.

பெயர்களின் வரலாறு

இப்போக்கிரட்டீசு மரபு நூல்கள் புற்றுக்கட்டியை நண்டைக் குறிக்கும் 'கார்க்கினோசு' என்ற சொல்லால் அழைத்தன. அதற்கு இணையான இலத்தீன் சொல்லே 'கேன்சர்'. கட்டியைச் சுற்றிப் புடைத்திருக்கும் இரத்தக் குழாய்கள் நண்டின் கால்களைப் போலத் தோன்றுவதாக 2ஆம் நூற்றாண்டு மருத்துவர் காலென் விளக்கினார். இத்தகைய கட்டிகளுக்குக் கரும்பித்தமே காரணம் என்றும் அவர் கருதினார்.

குழப்பமும் விளைவும்

கட்டி வலியின்றி இறுகியிருந்தால் ஸ்கிர்ரசு. வலித்துப் புண்ணானால் கேன்சர். கையால் தொட்டறியும் கடினமே அளவுகோலாக இருந்ததால் தீங்கற்ற கட்டியும் புற்றின் தொடக்கநிலையும் ஒரே பெயரில் அடங்கின. எனவே அதைத் தொடாமல் விடுவதா, உடனே அறுத்தெடுப்பதா என்பதில் மருத்துவர்கள் வேறுபட்டனர். மயக்க மருந்து இல்லாத அக்காலத்தில் இரண்டுமே நோயாளிக்கு ஆபத்தானவை.

வழக்கொழிதல்

கட்டிகள் உயிரணுக்களால் ஆனவை என்பதை யோகான்னசு முல்லர் 1838இல் நுண்ணோக்கியின் உதவியால் காட்டினார். 1858இல் ருடால்ஃப் விர்ச்சோவின் உயிரணு நோயியல் நூல் வெளிவந்தது. அதன்பின் கட்டிகள் திசுவின் அடிப்படையில் பெயர் பெற்றன. வலியின்மை பாதுகாப்பின் அடையாளமன்று என்பதால், கெட்டியான கட்டி வலிக்காவிட்டாலும் பரிசோதிக்கப்பட வேண்டும் என்பதே இன்றைய மருத்துவத்தின் நிலைப்பாடு.