மன்ஸலாப் பாவைகளும் நாஞ்சில் நாட்டுத் தோல்பாவைகளும்

நாகர்கோவிலில் நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தபோது, கண்ணாடிச் சட்டமிட்ட தோல்பாவை ஒன்று வரவேற்பறைச் சுவரில் தொங்கக் கண்டோம். பழம்பொருள் கடையொன்றில் வாங்கியதாம். எக்கதைக்குரிய பாவை, அதை ஆட்டியவர் எவ்வூரார் என வினவினோம். நண்பருக்குத் தெரியவில்லை; விற்றவரும் சொல்லவில்லையாம். விளக்கொளி ஊடுருவுவதற்கென்றே தீட்டப்பட்ட வண்ணங்கள், பின்னே சுவர் இருந்தமையால் மங்கிக் கருத்திருந்தன. நூறாண்டுகளுக்கு முன் இத்தகைய பாவைகளை எகிப்தில் தேடித் திரட்டிய அறிஞர் ஒருவரின் நினைவு நமக்கு எழுந்தது.

அரபு மத்ரஸா ஆசிரியருக்கு நிழற்கூத்தில் என்ன வேலை எனச் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். அரபு இலக்கிய வரலாற்றைக் கற்பிப்போர் இதைத் தவிர்க்க இயலாது. நிழற்கூத்தை அரபியில் ‘கயாலுழ் ழில்’ என்பர். மோசூலில் பிறந்து, கெய்ரோவில் கண் மருத்துவராய் வாழ்ந்து, கி.பி. 1310 அளவில் மறைந்த இப்னு தானியால், இக்கூத்திற்கென மூன்று நாடகங்களை இயற்றினார். ஞானி இப்னு அரபியோ படைப்பின் மறைபொருளை உணர்த்த இதனையே உவமையாக்கினார். ஆதரவைப் போன்றே எதிர்ப்பும் இருந்தது. 1451இல் மம்லூக் சுல்தான் ஜக்மக் பாவைகளை எரிக்க ஆணையிட்டார். 1517இல் எகிப்தை வென்ற உஸ்மானிய சுல்தான் முதலாம் சலீமோ இக்கூத்தைக் கண்டு மகிழ்ந்து, கூத்தருக்குப் பரிசில் வழங்கினார் என்பது வரலாறு.

நாம் குறிப்பிட்ட அறிஞர் ஜெர்மானியரான பால் காலெ. 1903 முதல் 1908 வரை கெய்ரோவில் கிறிஸ்தவப் போதகராகப் பணியாற்றியவர். 1909இல் நைல் கழிமுகத்து மன்ஸலா என்னும் ஊரில் பழமையான தோல்பாவைகள் அவருக்குக் கிடைத்தன. அவற்றில் வெட்டப்பட்டிருந்த மம்லூக் அமீர்களின் சின்னங்களைக் கொண்டு 14ஆம் நூற்றாண்டையொட்டியவை என அவர் கணித்தார். அவை மேலும் பிந்தியவை எனக் கருதும் ஆய்வாளரும் உளர். காலக்கணிப்பில் அவர் பிழைத்திருக்கலாம். திரட்டிய முறையில் பிழைக்கவில்லை என்பதே நம் கருத்து. பாவைகளோடு அவர் நின்றுவிடவில்லை. 1707இல் எழுதப்பட்ட கூத்துச் சுவடியையும் தேடிப் பெற்றார். கூத்தர் மரபில் வந்த தர்வீஷ் அல்கஷ்ஷாஷிடம் அமர்ந்து வசனங்களின் பொருளைக் கேட்டறிந்தார். அதன் பயனாக அலெக்சாந்திரியாக் கலங்கரை விளக்கம் பற்றிய நாடகம் 1930இல் அச்சேறியது. இன்று ஜெர்மானிய அருங்காட்சியகங்களில் உள்ள அப்பாவைகளைக் காண்போர், அவற்றை ஆட்டியோர் பேசிய சொல்லையும் நூலில் காணலாம்.

நாஞ்சில் நாட்டிற்கு வருவோம். இங்குத் தோல்பாவைக்கூத்து நிகழ்த்துவோர் வீட்டில் மராத்தி பேசும் மண்டிகர் சமூகத்தினர். தஞ்சை மராட்டியர் ஆட்சியையொட்டித் தமிழகம் வந்தோர் என்பர். வெண்திரைக்குப் பின் அமர்ந்த ஒருவரே பாவைகளை ஆட்டி, இராமன் குரலும் சூர்ப்பணகை குரலும் தாமே பேசுவார். குடும்பத்தார் இசைக்கருவிகளோடு துணையிருப்பர். உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இடையிடையே வந்து ஊர்நடப்பைக் கேலி செய்வர். துருக்கியரின் கராகோஸ், ஹாஜிவாத் இருவரை அறிந்தோர்க்கு இவ்விணை புதிதன்று. மன்ஸலாவிற் கிடைத்தது போன்ற சுவடி இங்கு இல்லை. கூத்துரை முழுவதும் நினைவிலேயே வாழ்வது. நாட்டாரியல் அறிஞர் அ. கா. பெருமாள் போன்றோர் களத்திலிறங்கிக் கேட்டுப் பதிந்திராவிடில் நமக்கு எஞ்சியிருப்பது மிகக் குறைவே.

பாவைக்கும் காலத்திற்கும் உள்ள உறவும் நோக்கத்தக்கது. முன்னர் மான்தோலும், பின்னர் ஆட்டுத்தோலும் பயன்பட்டன. பாவை நைந்து கிழியும்போது, பதப்படுத்திய புதுத்தோலை அதன்மேல் விரித்துக் கோடிழுத்துப் புதியதை வெட்டிக்கொள்வர். கூத்தருக்கு உருவம் தொடர்ந்தால் போதும். சேகரிப்பாளருக்கோ கிழிந்த பழையதே விலையுடையது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் பொதுவாக நூறாண்டு கடந்த பொருட்களையே தொல்பொருளாகக் கொள்கிறது. ஆண்டு பொறிக்கப்படாத ஆட்டுத்தோலுக்கு நூறு வயதென எவர் மெய்ப்பிப்பார்? ஒரே பாத்திரத்திற்கு இருத்தல், நிற்றல், போர் செய்தல் எனத் தனித்தனிப் பாவைகள் உண்டு. அத்தொகுதி சிதறி ஒவ்வொன்றாய் விலை போகும்போது தடுக்கும் கரம் இல்லை.

வாங்குவதையே குற்றம் என்பாரோடு நமக்கு உடன்பாடில்லை. வறுமையில் விற்கும் கூத்தருக்கு அது ஒருவேளை உணவு. ஆனால் விலையைக் கொடுக்கும்போதே பாவையின் பெயர், கதை, காட்சி, ஆட்டியவரின் ஊர் ஆகிய நான்கையும் கேட்டெழுதுவது கடினமன்று. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடரை ஆராயப் பழகிய நமக்கு, ‘இது யாரிடமிருந்து வந்தது?’ எனும் வினா அந்நியமானதா? ஆடுவோர் இன்றும் மிகச் சிலர் உள்ளனர். கேட்பதற்கு அவகாசம் உண்டு.

நண்பர் சட்டத்தைக் கழற்றிப் பாவையைச் சாளரத்து ஒளியில் பிடித்தார். சிவப்பும் பச்சையும் துலங்கின. அட்டையின் பின்புறம் வாங்கிய ஆண்டை எழுதிவிட்டு, அடுத்த வெள்ளியன்று முதிய கூத்தர் ஒருவரிடம் அதை எடுத்துச் செல்வதெனத் தீர்மானித்தோம்.