ஸ்டுட்கார்ட் போலீஸில் ஒரு செவிலி

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பு ஜெர்மனியில் பாலியல் தொழில் போலீஸ் கண்காணிப்பில் நடந்தது. பதிவேட்டில் பெயர் ஏறிய பெண்கள் மருத்துவச் சோதனைக்கு வந்தே ஆக வேண்டும். சந்தேகத்தில் பிடிபட்டவர்களுக்கும் அதே கதிதான். விசாரிப்பவர் ஆண், உடலைச் சோதிக்கும் மருத்துவரும் ஆண். அந்தப் பெண்களைத் தேடி வந்த ஆண்களுக்கு எந்தச் சோதனையும் கிடையாது.

பெண்கள் சங்கங்கள் இதை விடாமல் எதிர்த்தன. அதன் விளைவாக, 1903-ல் ஸ்டுட்கார்ட் நகரப் போலீஸ் ஒரு பெண்ணை வேலைக்குச் சேர்த்தது. பெயர் ஹென்ரியட் அரெண்ட், வயது 28, பயிற்சி பெற்ற செவிலி. சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட்டின் அத்தை. ஜெர்மன் போலீஸின் முதல் பெண் பணியாளர் இவரே. சோதனையின்போது அந்தப் பெண்களுக்குத் துணையாக இருப்பதும், வெளியே வந்தவர்களுக்குத் தங்க இடமும் பிழைக்க வழியும் தேடித் தருவதும் அவர் பொறுப்பு.

அந்தப் பொறுப்பை அவர் மனதாரச் செய்தார். வினையும் அங்கேதான் தொடங்கியது. பெண்களுக்கு உதவப் போனவர் கண்ணில் குழந்தைகள் பட்டார்கள். கேட்பாரற்ற சிறுவர்களைச் செய்தித்தாள் விளம்பரம் மூலமாகவே பேரம் பேசிக் கைமாற்றினார்கள். ஹென்ரியட் மேடையேறிப் பேசினார். ஏழைகளைக் காக்க வேண்டிய அலுவலகங்களையும் தேவாலயத் தொண்டு அமைப்புகளையும் வெளிப்படையாகக் குறை சொன்னார். மேலிடம் பொறுக்கவில்லை. 1908 இறுதியில் அவர் விலக வேண்டியதாயிற்று. 1910-ல் தன் பணி அனுபவங்களை நூலாக்கினார். குழந்தை வணிகத்துக்கு எதிரான வேலையை மட்டும் விடவே இல்லை. 1922-ல் காலமானார்.

அவர் கொஞ்சம் அடக்கி வாசித்திருக்கலாமே என்று கேட்பது அநியாயம். கோளாறு பதவியை அமைத்த விதத்தில் இருந்தது. எந்த அலுவலகத்தின் தவறைச் சொல்ல வேண்டுமோ, அந்த அலுவலகத்துக்கே கட்டுப்பட்டவராக அவரை வைத்திருந்தார்கள்.

பம்பாயில் 1984-ல் வேறு வழி கண்டார்கள். ஜூலியோ ரிபெய்ரோ போலீஸ் கமிஷனராக இருந்த காலம் அது. டாடா சமூக அறிவியல் நிறுவனம், கமிஷனர் அலுவலகத்துக்குள்ளேயே பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான சிறப்புப் பிரிவைத் தொடங்கியது. இடம் போலீஸுடையது, சமூகப் பணியாளர்களை நியமித்து வழிநடத்தியது அந்தக் கல்வி நிறுவனம். அடிபட்டு வரும் பெண்ணுக்காகப் போலீஸின் உதவியைக் கேட்கவும் முடிந்தது, புகாரைத் தட்டிக்கழிக்கும் அதிகாரியிடம் எதிர்த்துப் பேசவும் முடிந்தது. பின்னர் மகாராஷ்டிர அரசே இந்தப் பிரிவுகளை மாநிலமெங்கும் விரிவுபடுத்தியது.